பாலத்துக்குப் பாலம் ஒரு புதையல் நடை!

"டாக்டரே, நீங்க சொன்னபடி தினமும் நடந்துட்டுதான் இருக்கேன்!"

இப்படிச் சொல்கிறவர் நிஜமாகவே நடக்கிறாரா, சமாளிக்கிறாரா என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சுலபமான வழி இருக்கிறது. நாடி பிடிக்கும் முன்பே, வாசலில் கழற்றி விட்ட செருப்பைப் பார்த்துவிடுவேன். நடக்கிற மனுஷனின் செருப்பு குதிகால் பக்கம் தேய்ந்திருக்கும். அன்று என் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் செருப்போ, வாங்கி ஆறு மாதம் ஆகியும் கடையில் இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது.

அவருக்கு வயது 67. ஒலக்கூர்க்காரர். எனக்கும் அதுதான் சொந்த ஊர். ரயில்வேயில் கீமேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீமேன் வேலை என்றால் சாதாரணம் இல்லை. தோளில் நீள ஸ்பேனரும் சுத்தியலும் சுமந்துகொண்டு, தன் பகுதித் தண்டவாளத்தை தினமும் நடந்தே பார்க்க வேண்டும். எங்கே பிடிப்பு கழன்றிருக்கிறது, எங்கே ஜல்லி இறங்கியிருக்கிறது, எந்தப் பாலத்தில் என்ன கோளாறு என்று கண்ணாலேயே கண்டுபிடிக்க வேண்டும். வெயில், மழை, பண்டிகை எதுவும் கிடையாது.

முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தே சாப்பிட்ட மனுஷன், ஓய்வு பெற்றதும் உட்கார்ந்தார். மனைவி காலமான பிறகு அறவே உட்கார்ந்துவிட்டார். டி.வி. முன்னால் காலை, டி.வி. முன்னால் மாலை. விளைவு? மதுமேகம் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோய். மூன்று மாத சராசரி 9.4. இடுப்பில் பிடிப்பு. ராத்திரியில் தூக்கமில்லை.

"அண்ணே, உங்க செருப்பு வேற கதை சொல்லுதே!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டார்.

"நடக்கச் சொல்றீங்க சரி டாக்டரே... எங்க போறது? போறதுக்கு ஒரு எடம் வேணாமா?"

என்னிடம் அன்று இதற்குப் பதில் இல்லை. மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் மனசில் முள் மாதிரி தங்கிவிட்டது.

பதில் கிடைத்தது எங்கே தெரியுமோ? சிங்கப்பூரில்!

பேரன் காட்டிய புதையல்

என் மகள் குடும்பம் அங்கே இருக்கிறது. ஒரு விடுமுறைக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது வயதுப் பேரன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"தாத்தா, புதையல் தேடப் போலாம் வாங்க!"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். நிஜமாகவே கூட்டிப்போனான். மலேசியாவிலிருந்து சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வரை ஓடிக்கொண்டிருந்த ரயில், 2011 ஜூன் 30-ம் தேதியோடு நின்றுபோனது. அந்தப் பழைய ரயில் பாதையை அழிக்காமல், 24 கிலோமீட்டர் நீளப் பசுமைப் பாதையாக ஆக்கியிருக்கிறார்கள். புக்கிட் திமா பகுதியில் 1932-ல் போட்ட இரும்புப் பாலத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். ரயில் போன பாலத்தில் இப்போது மனிதர்கள் காற்று வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

பேரன் அவன் அம்மாவின் செல்போனைப் பார்த்துக்கொண்டே போனான். "இன்னும் எண்பது மீட்டர் தாத்தா... இன்னும் இருபது..." கடைசியில் ஒரு மரத்தடியில் குனிந்து தேடி, ஃபிலிம் ரோல் டப்பா அளவில் ஒரு குட்டி டப்பாவை எடுத்தான். உள்ளே சுருட்டி வைத்த காகிதம். அதில் அவனுக்கு முன்னால் கண்டுபிடித்தவர்களின் பெயரும் தேதியும். இவனும் எழுதினான். என்னையும் எழுதச் சொன்னான். மறுபடி அதே இடத்தில் மறைத்து வைத்துவிட்டு அடுத்ததைத் தேடக் கிளம்பினான்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது! என் வலது முழங்கால் வலிக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

இது என்ன விளையாட்டு?

இதற்கு 'ஜியோகேச்சிங்' என்று பெயர். செயற்கைக்கோள் துணையோடு ஒளித்ததைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நாலு செயற்கைக்கோளின் சமிக்ஞை கிடைத்தால், நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். ஆரம்பத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே, மே 3-ம் தேதி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் என்று சில சாமான்களைப் போட்டு ஒளித்து வைத்தார். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் வெளியிட்டார். சில நாட்களிலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். இப்படித்தான் பிறந்தது இந்த விளையாட்டு. இன்று உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் ஆடுகிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது ரொம்பப் பழைய ஆசை. செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே, 1854-ல், இங்கிலாந்தின் டார்ட்மூர் என்ற பொட்டல் மேட்டில் ஒரு வழிகாட்டி, பயணிகள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டுப் போக ஒரு ஜாடியை வைத்தாராம். அவ்வளவு தூரம் நடந்து வந்தேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி!

சில இடங்களில் டப்பாவே கிடையாது. ஊருக்குப் போனபின் எனக்குக் கைகொடுத்தது இந்த வகைதான். குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்கே இருக்கும் பலகையைப் படித்து, கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். சிங்கப்பூர் ஆற்றின் மேல் கேவனா பாலம் என்று ஒன்று. 1870-ல் திறந்த பாலம். மூன்று ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி போகக் கூடாது, மாடு, குதிரை போகக் கூடாது என்று அதன் வாசலில் பழைய போலீஸ் அறிவிப்பு இன்னமும் இருக்கிறது. "இந்தப் பாலத்தில் எந்தெந்தப் பிராணிக்கு அனுமதி இல்லை?" என்று பேரனிடம் நான் ஒரு கேள்வி போட்டேன். அவன் ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்தான். பாலமும் பார்த்தாச்சு, பாடமும் படிச்சாச்சு, நடையும் ஆச்சு!

கீமேன் போட்ட கேள்விகள்

ஊர் திரும்பியதும் பெரியவரை வரச் சொன்னேன்.

"அண்ணே, பசங்களுக்கு லீவுல ஒரு புதையல் நடை வைக்கப் போறேன். டப்பா எல்லாம் இல்ல. கேள்விதான். நம்ம ஊர்ல பாலம், மதகு, ஏரிக்கரை எல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி. கேள்வியை நீங்கதான் போடணும்."

"நானா? நான் எங்க படிச்சேன்?" என்றார். ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவர் ஏரிக்கரையில் நின்றார். கேள்வி போட வேண்டுமானால் முதலில் அவர் போய்ப் பார்க்க வேண்டுமே! ஒரு வாரம் சுற்றினார். பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தார். அவற்றில் சில:

ஒலக்கூர் ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே ஒரு எண் இருக்கிறது. அது என்ன? (கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்!)

நம் ஊரில் எத்தனை 'கல்வெட்டு' இருக்கிறது?

இந்தக் கேள்வி பிள்ளைகளைத் திண்டாட வைத்துவிட்டது. கோயிலுக்கு ஓடினார்கள். பெரியவர் கேட்டதோ வேறு. சாலைக்கு அடியில் தண்ணீர் போக வைத்திருக்கும் சின்னப் பாலத்தை, 'கல்வெர்ட்' என்ற ஆங்கில வார்த்தை திரிந்து, எங்கள் பக்கம் 'கல்வெட்டு' என்றே சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் ஊர்க்கதை பேச உட்காருவதும் அதன் கைப்பிடிச் சுவரில்தான். அந்தச் சுவரில் 12/3 என்கிற மாதிரி எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மூன்றாவது பாலம் என்று அர்த்தம். தினமும் அதன் மேல் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்தது ஓங்கூர் ஆறு. செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் எல்லை மாதிரி ஓடுகிற ஆறு. சென்னை நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இதைத் தாண்டித்தான் தெற்கே வருகின்றன. வருஷத்தில் பாதி நாள் மணல்தான். "இந்த மணலுக்கு எதுக்குத் தாத்தா இவ்ளோ பெரிய பாலம்?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

பெரியவர் கரையோரமாக நின்றபடி கையை நீட்டிச் சொன்னார். "பாலத்தை இன்னிக்கி ஓடற தண்ணிக்குக் கட்டறது இல்ல கண்ணு. என்னைக்கோ ஒரு நாள் வரப் போற தண்ணிக்குத்தான் கட்டறது. ரயில் பாலத்துத் தூண்ல கோடு போட்டிருக்கும். அபாய மட்டம்னு பேரு. தண்ணி அந்தக் கோட்டைத் தொட்டா ரயிலை நிறுத்தணும். மழைக்காலத்துல ராத்திரி பூரா லாந்தரை எடுத்துக்கிட்டு அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் நாங்க நடப்போம்."

அந்த ஒரு ராத்திரி

பிறகு அவர் சொன்ன விஷயத்தை, அவரது குடும்பத்துக்குள்ளேயே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ தெரியாது.

1956 நவம்பர் 22-ம் தேதி இரவு. சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. ஒலக்கூர், திண்டிவனம், விழுப்புரம் தாண்டி அது தெற்கே போக வேண்டும். பெரியவரின் அப்பா அப்போது இந்தப் பாதையில் ஒரு கேட்டில் காவல் வேலையில் இருந்தார். கொட்டுகிற மழையில் பச்சை விளக்கைக் காட்டி அந்த ரயிலை அனுப்பி வைத்தார். மறுநாள் விடியற்காலையில், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்திருந்தது. ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ததைச் சரித்திரம் சொல்லும்.

"எங்கப்பா சாகிற வரைக்கும் சொல்லுவாரு. நான் பச்சை காட்டினேன், அவங்க போனாங்கன்னு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. அவரு கேட்டு இருக்கிறது இங்க, பாலம் இருக்கிறது அரியலூர்ல. ஆனா அவரு மனசு கேக்கல. நான் கீமேன் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'பாலத்தைத் தாண்டும்போது மட்டும் நின்னு பாருடா'ன்னாரு."

பிள்ளைகள் சத்தமே போடவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. இவரையா நாம், "தினம் அரை மணி நேரம் நடங்க" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினோம் என்று வெட்கமாக இருந்தது. அவருக்கு நடை என்பது வெறும் உடற்பயிற்சியாக ஒருநாளும் இருந்ததில்லை. அது ஒரு காவல். போக ஒரு இடமும், பார்க்க ஒரு பொருளும் இருந்த நடை. அதைத்தான் ஓய்வு வந்து பிடுங்கிக்கொண்டது.

பழைய கதைதானே என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, எங்கள் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள 452-ம் எண் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய மட்டத்தைத் தாண்டியது. ரயில்களை நிறுத்தினார்கள். கோட்டைப் பார்த்து நிறுத்தியதால் அன்று அரியலூர் திரும்பவில்லை. அதே வெள்ளத்தில், திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையின் குறுக்கே செப்டம்பரில்தான் திறந்த புத்தம்புதுப் பாலம், மூன்றே மாதத்தில் அடித்துக்கொண்டு போனது. ஒரு ஊர்ப் பிள்ளைக்குத் தன் ஊர்ப் பாலத்தின் கதை தெரிந்திருப்பது உயிர் காக்கும் விஷயம்.

உடம்புக்கு என்ன லாபம்?

சித்த மருத்துவக் கணக்கில் ஆயுளின் முதல் பகுதி வாதம் மிகுந்த காலம், நடுப்பகுதி பித்தம், கடைசிப் பகுதி கபம். கபம் ஓங்கும்போது உடம்பில் பாரமும் மந்தமும் சோம்பலும் சேரும். அதை அசைத்துக் கரைக்க நடையைப் போல எளிய வழி கிடையாது. தேரையர் தமது 'பிணியணுகா விதி'யிலேயே, சாப்பிட்டபின் சிறிது தூரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். இன்றைய விஞ்ஞானமும் அதையே வழிமொழிகிறது. கால் தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அவை நேராக இழுத்துக்கொள்கின்றன. அதற்கு இன்சுலினைக்கூட அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை.

எவ்வளவு நடப்பது? 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. பிள்ளைகளுக்கு தினமும் சராசரியாக 60 நிமிடம். எல்லாரும் சொல்கிற 'பத்தாயிரம் அடி' கணக்கு மருத்துவப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது! ஆகவே எண்ணிக்கை எட்டவில்லையே என்று மனம் உடைய வேண்டாம்.

இன்னொரு லாபம் மூளைக்கு. மூளையில் 'ஹிப்போகேம்பஸ்' என்று ஒரு பகுதி. ஞாபகத்துக்கும் வழி கண்டுபிடிப்பதற்கும் அதுதான் பொறுப்பு. நாம் எங்கே இருக்கிறோம் என்று மூளை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதைக் கண்டுபிடித்த ஜான் ஓ'கீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. லண்டன் டாக்ஸி டிரைவர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களுக்கு இந்தப் பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-ம் ஆண்டில் ஆராய்ந்து சொன்னார்கள். மறதி நோய் முதலில் தொடும் இடங்களில் ஒன்றும் இதுவே. நடந்தால் மறதி நோயே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வழி தேடி, அடையாளம் பார்த்து நடப்பது மூளைக்கும் வேலை கொடுக்கும். டிரெட்மில்லில் நடக்கும்போது இந்த வேலை நடப்பதில்லை. அதனால்தான் எங்கள் நடையில் செல்போன் திசை காட்டுவதைப் பாதியில் நிறுத்திவிடுவோம். மீதியைக் கண்தான் பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, மூலிகை பார்க்க மலைக்குக் கூட்டிப்போவார்கள். ஒரு செடியைத் தேடி நாள் பூரா அலைவோம். களைப்பே தெரியாது. அன்றைக்கே புரிந்திருக்க வேண்டிய பாடத்தை, ஐம்பது தாண்டியபின் ஒன்பது வயதுப் பேரன் சொல்லிக் கொடுத்தான்!

உங்கள் ஊரில் எப்படி நடத்தலாம்?

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இரண்டு குடும்பம் சேர்ந்தால் போதும்.

முதலில் கேள்வி போட ஒரு பெரியவரைப் பிடியுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், தபால்காரர், ஏரிக்கு நீர் பாய்ச்சிய நீர்கட்டி என்று யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைத்தான் நீங்கள் முதலில் நடக்க வைக்கிறீர்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கட்டும்.

இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் ஆறேழு இடம் தேர்ந்தெடுங்கள். பதில், அந்த இடத்துக்குப் போனால்தான் கிடைக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடி செல்போனில் தேடி எடுக்கும்படி இருக்கக் கூடாது. மதகுக்கு எத்தனை கண், பாலம் திறந்த வருஷம் எது, கரையில் எத்தனை பனைமரம் என்று கேளுங்கள். ஒவ்வொரு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை செல்போன் வரைபடத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். திறந்த வெளியில் சுமார் ஐந்து மீட்டர் வித்தியாசத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

உள்ளூர் முடிந்ததும் கொஞ்சம் வெளியே போகலாம். எங்கள் பக்கமே எத்தனை இருக்கிறது! திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் மலை. அங்கே ஆதி மனிதன் பாறையில் கீறிய உருவங்கள். சங்கராபரணிக் கரையில் திருவக்கரை. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. கண்ணால் பார்க்கலாம், ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. மரக்காணம் பக்கம் கழுவேலி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை அருமையான காலம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேண்டவே வேண்டாம். கையில் நீர்மோர் அல்லது தண்ணீர் இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

டப்பா ஒளிக்காதீர்கள். கேட்பாரற்ற டப்பாவைப் பார்த்தால் நம் ஊரில் போலீஸ் வந்துவிடும். 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரிலேயே, இப்படி ஒளித்த டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து வெடிக்கவே வைத்துவிட்டார்கள்!

ரயில் பாலத்தின் மேலோ, தண்டவாளத்திலோ ஏறாதீர்கள். முப்பது வருஷம் அதில் நடந்தவரே எங்கள் கூட்டத்தைக் கரையில்தான் நிறுத்தினார். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ம் பிரிவுப்படி அத்துமீறி நுழைவது ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை விடுங்கள். பாலத்தின் நடுவில் ரயில் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. நெடுஞ்சாலைப் பாலத்திலும் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்காதீர்கள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் திரும்பி வாருங்கள். "முழங்கால் தண்ணிதானே" என்ற வார்த்தை எத்தனையோ உயிரைக் குடித்திருக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி உயரம் இருந்தாலே ஆளின் காலை வாரிவிடும். மழைக்காலத்தில் புதையல் நடைக்கு விடுமுறை.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. ஏரிக்கரை முழுக்க நெருஞ்சி முள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறினால் தெரியாது. புண்ணாகும்போதுதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை பாருங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்காமல், சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபின்தான் கிளம்ப வேண்டும்.

வழியில் பூத்திருக்கும் ஆவாரையைப் பார்த்ததும் பறித்து வந்து கஷாயம் போட்டுக் குடித்துவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பாம்பு கடித்துவிட்டால்? சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். பச்சிலை தேடாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கடிபட்டவரை அசையாமல் வைத்து, 108-க்குப் போன் செய்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மறுபடியும் செருப்பு

பெரியவர் போன மாதம் பரிசோதனைக்கு வந்தார். மூன்று மாத சராசரி 7.8. இன்னும் இறங்க வேண்டும். மருந்து, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதையும் நிறுத்தவில்லை. ராத்திரி தூக்கம் வருகிறது என்றார். அடுத்த லீவுக்கு இருபது கேள்வி தயார் என்றார். ஓங்கூர் ஆற்றங்கரைக்கு வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய், கரையோரம் நின்று பாலத்தைப் பார்த்துவிட்டு வருகிறாராம்.

"எதுக்குண்ணே, அதான் ரிட்டயர் ஆயாச்சே?" என்று சீண்டினேன்.

"சும்மா... நின்னு பார்த்துட்டு வருவேன்" என்றார்.

அவர் கிளம்பும்போது வாசலைப் பார்த்தேன். செருப்பு குதிகாலில் நன்றாகத் தேய்ந்திருந்தது. "புதுசு ஒண்ணு வாங்கணும் டாக்டரே" என்று சொல்லிக்கொண்டே மாட்டிக்கொண்டு நடந்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவரின் செருப்பையும் இன்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள். புதுசாக இருந்தால் அவரைத் திட்டாதீர்கள். அவருக்குப் போக ஒரு இடம் கொடுங்கள்!